டிரா கேட்காத ஆள்

"இந்த ஒரு பலகையில மட்டும் அந்தக் கணக்கை எடுத்துடு" என்றார் முதலாளி.

புரோகிராமர் நிமிர்ந்தான். தானாகவே காய் நகர்த்தும் செஸ் பலகைதான் அவர்கள் கம்பெனியின் ஒரே சரக்கு. அதன் மூளை அவன் எழுதியது.

"எந்தக் கணக்கு சார்?"

"அதான், ஒரே நிலை மூணு தரம் வந்தா எதிராளி டிரா கேட்டுடுவார்னு முன்கூட்டியே பயப்படுதே, அது."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினான். அப்படி ஒரே நிலை மூன்றாம் தரம் வந்தால், யாருக்கும் வெற்றியில்லை, ஆட்டம் சமம் என்று டிரா கேட்பது உரிமைதான், கட்டாயமில்லை. ஆனால் பலகை அடுத்தடுத்த நகர்த்தல்களை யோசிக்கும்போது, உரிமை இருந்தால் எதிராளி கேட்டே விடுவார் என்று வைத்துக்கொள்ளும். அதனால்தான் ஜெயிக்கிற ஆட்டத்தை இழுக்காமல் சட்டென்று முடிக்கிறது.

"கேக்கமாட்டாங்கன்னு எழுது."

"எழுதினா, ஜெயிக்கிற ஆட்டத்தைக் கையில வச்சுக்கிட்டு அங்கேயும் இங்கேயும் நடந்துக்கிட்டே இருக்கும் சார். பாக்கிறவன் காறித் துப்புவான்."

"துப்பட்டும். சாயங்காலம் பலகை என் வீட்டுக்கு வந்தாகணும்."

காரணம் கேட்டான். மேசையைத் தட்டினார். சம்பளம் நீ தர்றியா நான் தர்றேனா என்று கத்திவிட்டுக் கிளம்பிப் போனார்.

முதலாளியை அவனுக்குத் தெரியாதா? ஒரு டப்பா ஆணி வாங்கினாலும் பேரம் பேசி, கடைக்காரன் கையிலிருக்கும் ஆணியையும் பிடுங்கி வருகிற ஆள். பலகை ஜெயிக்காது என்று எவனோ ஏமாளியிடம் பந்தயம் கட்டப்போகிறார். இந்தப் பித்தலாட்டத்துக்குத் தன் எழுத்தா?

வேறு வேலை கைவசம் இல்லை. ஆனாலும் முடிவு செய்துவிட்டான். சொன்னபடி மாற்றி எழுதி, பலகையைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"நாளையிலேர்ந்து நான் வரல சார். போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. இதை வச்சு யாரை ஏமாத்தப் போறீங்க?"

"என் பொண்டாட்டியை" என்றார், குரலைத் தாழ்த்தி.

உள்ளே ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் அந்த அம்மா இருந்தார். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டதாம். மறு கையில் இரண்டு விரல்தான் அசைகிறது. அதை விடாமல் அசைக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். எட்டுகிற ஒரே காய், ஓரத்து யானை. வழக்கமான பலகையோ நாலு நகர்த்தலில் கதையை முடித்துவிடும். அந்த அம்மா கையை மடக்கிக்கொண்டு, இனி தொடமாட்டேன் என்பாராம்.

முதலாளி யானைக்கு வழிவிட்டுக் காய்களை அடுக்கினார்.

அந்த அம்மா யானையை முன்னால் தள்ளினார். பலகை ராஜாவை ஒதுக்கியது. பின்னால் இழுத்தார். ராஜாவும் திரும்பி வந்தது. மறுபடி தள்ளினார். மறுபடி இழுத்தார். விரல் நிற்கவே இல்லை.

"உங்க மெஷின் திணறுதுங்க" என்றார், குழறலாக. முகத்தில் அப்படியொரு கர்வம்.

முதலாளி புரோகிராமர் பக்கம் சீறித் திரும்பினார்.

"என்னய்யா எழுதிக் கிழிச்சிருக்கே? என் வீட்டுக்காரியை ஜெயிக்க வக்கில்லையே இதுக்கு!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தப்புதான் சார். நாளைக்கு ஆபீஸுக்கு வந்ததும் பாக்கிறேன்."