ஆறு வாரத்துக்கு முன்னால் வராதே!

"இன்னிக்கே ரத்தம் எடுங்க. எடுக்காம நான் இந்த இடத்தை விட்டு நகரமாட்டேன்!"

ஹார்ம் மேசையில் ஓங்கி அடித்தார். டெல்ஃப்சைல் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற கை. மேசையிலிருந்த பேனாக்கள் உருண்டு கீழே விழுந்தன.

நர்ஸ் ரென்ஸ்கேவுக்குச் சுர்ரென்று ஏறியது. காலையிலிருந்து ஓயாத ஃபோன். இப்போது இவர் வேறு.

"மேசை என்ன பண்ணிச்சு உங்களை? காலையில ஃபோன்லயே ஆறு வாரம் கழிச்சு வாங்கன்னு சொன்னேனா இல்லையா? ஊசி அளவைக் கூட்டி ரெண்டு வாரம்கூட ஆகலை."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. எடுங்க!"

"கூட்டின அளவுல ரெண்டாவது ஊசி எப்பப் போட்டீங்க?"

"முந்தாநாள்."

"சரியாப் போச்சு! ஊசி போட்ட கையோட பார்த்தா ஆண் ஹார்மோன், அதான் அந்த டெஸ்டோஸ்டிரோன், எக்கச்சக்கமாத்தான் காட்டும். அதை வச்சு எந்த முடிவும் எடுக்க முடியாது. உடம்பு புது அளவுக்குப் பழகணும். அப்புறம், அடுத்த ஊசி போடறதுக்கு முந்தி, காலையில வந்து ரத்தம் குடுக்கணும். எத்தனை தடவைதான் சொல்றது?"

காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காலில் கட்டுப் போட்டிருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "சிலருக்கு வீரமே ஊசியிலதான் வருது போல" என்றார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஹார்மின் முகம் சிவந்தது. கொஞ்சம் குனிந்து, "சிஸ்டர், உள்ளே வச்சுப் பேசலாமா?" என்றார்.

"உள்ளே வந்தா மட்டும் விதி மாறிடுமா? எதுவா இருந்தாலும் இங்கேயே சொல்லுங்க."

"இங்கே வேண்டாம்…"

"மேசையை அடிச்சப்போ வராத கூச்சம் இப்ப எங்கேர்ந்து வருது?"

ரென்ஸ்கேவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மூளையில் ஆபரேஷன் ஆன பிறகு அவர் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு நின்றுபோனது அவளுக்குத் தெரியும். ஊசி தேவைதான். அதற்காக, 'களைப்பா இருக்கு, கூட்டுங்க, கூட்டுங்க' என்று டாக்டரை எப்படி நச்சரித்தார்! கூட்டியும் ஆயிற்று. ஆசை அடங்கினால்தானே!

"எனக்குத் தெரியும் சார். நம்பர் கம்மின்னு காட்டி இன்னும் கொஞ்சம் கூட்டச் சொல்லணும். அதானே? அளவு மிஞ்சினா ரத்தம் கெட்டியாகும், தெரியுமா? அப்புறம் எங்கேயாவது அடைச்சுக்கிட்டா எங்களைத்தான் திட்டுவீங்க!"

"கூட்டறதுக்கு இல்லை!" என்று கத்தினார் ஹார்ம். அடுத்த நொடியே குரல் இறங்கிவிட்டது. "குறைக்கறதுக்கு."

ரென்ஸ்கே நிமிர்ந்தாள்.

"நேத்து சாப்பிடறப்போ என் பொண்ணு பால் டம்ளரைத் தட்டி விட்டுட்டா. ஒம்பது வயசு. நான் கையை ஓங்கிட்டேன். அடிக்கலை சிஸ்டர். ஆனா அவ ரெண்டு கையாலயும் தலையை மூடிக்கிட்டா. இதுவரைக்கும் அவளை ஒரு அதட்டு அதட்டினதில்லை நான். பத்து நாளா இப்படித்தான், தொட்டதுக்கெல்லாம் கோபம். ஊசியாலயா, இல்ல நானே இப்படி ஆயிட்டேனான்னு தெரியணும். ரத்தத்துல காட்டினாத்தானே டாக்டர் நம்புவார்?"

யாரும் சிரிக்கவில்லை. கட்டுப் போட்டவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை ஏன் காலையில ஃபோன்லயே சொல்லலை?"

"சொல்ல வந்தேன். 'ஆறு வாரத்துக்கு முன்னால வராதீங்க'ன்னு சொல்லி ஃபோனை வச்சுட்டீங்களே."

ரத்தப் பரிசோதனைக்குத்தான் ஆறு வாரம். இப்படி ஏதாவது மாற்றம் தெரிந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். அதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டியவள் ரென்ஸ்கேதான்.

டாக்டரின் அறைக் கதவு படாரென்று திறந்தது.

"என்ன கூச்சல் இது? நோயாளிங்க இருக்கற இடத்துல யார் இப்படிக் கத்தறது?"

எல்லார் கண்ணும் ஹார்ம் பக்கம் போயிற்று. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தான் டாக்டர்" என்றாள் ரென்ஸ்கே. "இவர் ரொம்ப நேரமா உதவிதான் கேட்டுக்கிட்டிருக்கார்."