இரண்டு வண்டிக்கும் சிவப்பு ரிப்பன்

மெகராஜ் பேகம் கைக்குட்டையை உயர்த்திப் பிடித்திருந்தார். அது இறங்கினால் பந்தயம் ஆரம்பம்.

வன்னியம்பட்டிக் கண்மாய் வற்றிக் கிடந்தது. கோலமாவில் கிழித்த கோட்டுக்குப் பின்னால் முயல் அளவில் இரண்டு ரிமோட் லாரிகள் நின்றன. இரண்டும் ஒரே மாடல். இப்போது கடையில் கேட்டால் சிரிப்பார்கள், அவ்வளவு பழைய ஜப்பான் சாமான்.

இந்தப் பக்கம் ராஜபாளையத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் பீர் மைதீன். அந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் பாத்திரக்கடை ஐயாதுரை அண்ணாச்சி. இரண்டு பேரும் பேரன் பேத்தி எடுத்தவர்கள். ரிமோட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, அதன் ஏரியலை முழுக்க இழுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பந்தயப் பொருள் ஒரு காகிதம்.

பழைய பேப்பர் கடையில் கிடைத்த இங்கிலீஷ் பத்திரிகையில் இருந்த விளம்பரப் பக்கம் அது. இதே லாரி மணல்மேட்டிலிருந்து எம்பி ஆகாயத்தில் பறக்கிறது. கீழே ஒரு வெள்ளைக்காரப் பொடியன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். இருவரும் ஒரே நேரத்தில் அந்தப் பத்திரிகைமேல் கை வைத்தார்கள். இருவருமே கையை எடுக்கவில்லை.

பழைய ரிமோட் வண்டி சேர்க்கிறவர்களுக்கு அசல் விளம்பரம் இல்லாத வண்டி, ஆர்.சி. புக் இல்லாத பைக் மாதிரி. ஓடும். ஆனால் மரியாதை இருக்காது.

பீர் மைதீன் அவசரப்பட்டு அந்தப் பக்கத்துக்கு பிரேம் வாங்கி, கல்லாவுக்கு மேலே மாட்டியும் விட்டார். வெறும் பிரேம். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் உள்ளே என்ன என்று கேட்கிறார்கள். தோற்றுப்போனால் அந்தக் கடையில் எப்படி உட்காருவது?

நடுவர் மெகராஜ் பேகம்தான். பீர் மைதீன் பாயின் சம்சாரத்தையே நடுவராக வைக்கலாமா என்று கேட்டவர்களுக்கு ஐயாதுரை தெளிவாகப் பதில் சொல்லியிருந்தார்.

"அதுக்குத்தான் வச்சிருக்கேன். அவிய சொல்லிட்டா பாய் மறுபேச்சு பேச மாட்டாரு."

இன்னொரு விஷயம். விளம்பரத்தில் லாரியின் ஏரியல் நுனியில் ஒரு சிவப்பு ரிப்பன் பறக்கும். அதைப் பார்த்து இருவரும் தனித்தனியாகச் சிவப்பு ரிப்பன் வாங்கிக் கட்டியிருந்தார்கள். ஐயாதுரை கண்படாமல் இருக்க ஓர் எலுமிச்சம்பழத்தையும் சேர்த்துக் கட்டியிருந்தார்.

ஆனால் அந்த ரிப்பன் அழகுக்குக் கட்டுவதல்ல. வண்டியின் அலைவரிசைக்கான அடையாளம்; இந்த இரண்டு வண்டிக்கும் ஒரே அலைவரிசை. ஒரே நிற ரிப்பன் கட்டிய இரண்டு வண்டிகளைச் சேர்த்து ஓட்டக் கூடாது. ஓட்டினால் ஒருவருடைய ரிமோட் அடுத்தவர் வண்டியிலும் போய் மூக்கை நுழைக்கும். இதை இந்த இரண்டு பெரிய மனிதர்களுக்கும் சொல்ல ஆள் இல்லை.

கைக்குட்டை இறங்கியது.

இரண்டு லாரிகளும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தன. எதிரே இருந்த பனங்கட்டையைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். பீர் மைதீன் நாக்கைக் கடித்துக்கொண்டு ரிமோட்டின் குச்சியை ஒரு பக்கமாகத் தள்ளினார். லாரி திரும்பியது. அண்ணாச்சியின் லாரியும் அதே நொடியில் திரும்பியது. கல்யாண வீட்டில் ஜோடி போட்டு ஆடுகிறவர்கள்கூட அவ்வளவு சேர்ந்து திரும்ப மாட்டார்கள்.

நான் இவ்வளவு நன்றாக ஓட்டுவேனா என்று பீர் மைதீனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

திரும்பி வரும்போது அண்ணாச்சி லாரியின் முன்னால் ஒரு வெள்ளாடு வந்து நின்றது. அவர் பதறிப்போய் வலது பக்கம் ஒடித்தார். லாரி நேராகச் சீமைக் கருவேலம் புதருக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. இடது ஓரமாக வந்துகொண்டிருந்த பீர் மைதீனின் லாரியும் வலது பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் அதற்கு நிறைய இடம் இருந்தது. கோணலாக வந்து கோட்டைத் தாண்டிவிட்டது.

தாண்டியதோடு நிற்கவில்லை. முன்னால் போனது, பின்னால் வந்தது, மறுபடி முன்னால் போனது.

"ஜெயிச்ச சந்தோசத்துல ஆடுது பாரு" என்றாள் ஆட்டைப் பிடிக்க வந்த சுடலைமாடத்தி.

பீர் மைதீன், ஆட வைத்தது தாம்தான் என்பதுபோல ரிமோட்டைச் செத்த நேரம் ஆட்டிக்கொண்டு நின்றார்.

புதரிலிருந்து லாரியை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்து ஓய்ந்துபோன ஐயாதுரை பக்கத்தில் வந்தார். முகம் செத்துப் போயிருந்தது.

"பாய், நான் திரும்புற பக்கமெல்லாம் திரும்புதிய. காப்பியடிச்சு ஜெயிக்கதெல்லாம் ஒரு ஜெயிப்பா?"

"தொழில் தெரிஞ்சவன் அப்படித்தான் ஓட்டுவான், அண்ணாச்சி."

மெகராஜ் பேகம் தீர்ப்புச் சொன்னார். விளம்பரப் பக்கம் கை மாறியது. ஐயாதுரை அதைக் கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டு, தம் லாரியை மீட்கப் புதரை நோக்கி நடந்தார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பீர் மைதீனுக்கு அதுவும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

லாரியை ஸ்கூட்டரில் காலடியில் வைத்துக்கொண்டு அவர் ஏறி உட்கார்ந்தார். மெகராஜ் பேகம் பின்னால் ஏறினார்.

"என்னங்க, கேக்க மறந்துட்டேன். காலையில வீட்டுக் கடிகாரம் நின்னுபோச்சுன்னு உங்க ரிமோட்டுல இருந்த செல்ல உருவி அதுல போட்டேன். வேற செல் போட்டுக்கிட்டியளா?"

பீர் மைதீன் ரிமோட்டின் பின்மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே காலி.

காலடியில் இருந்த லாரியின் முன்சக்கரங்கள் தாமாகவே இடது பக்கம் திரும்பின. பிறகு வலது பக்கம் திரும்பின. தூரத்தில், புதருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, ஐயாதுரை தம் ரிமோட்டின் குச்சியை இடமும் வலமுமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

பீர் மைதீன் விளம்பரப் பக்கத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, அண்ணாச்சி நிமிர்வதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.