மாற்றிக்கொண்ட பரிசு

"இதுல மாத்திக்கிற ஸ்டிக்கர் இல்லையேம்மா?"

போன கிறிஸ்துமஸுக்கு மெரெத் கையால் பின்னிக் கொடுத்த நீலச் சால்வையைப் பார்த்து மாமியார் கிர்ஸ்டன் கேட்டது அவ்வளவுதான். கடைக்காரர் ஒட்டும் அந்த ஸ்டிக்கரைக் காட்டி வேறு பொருளாக மாற்ற முடியாதது அவருக்குப் பரிசே இல்லை. சால்வை நாய் பாம்ஸெயின் படுக்கையானது.

மெரெத் வங்கி வேலையை விட்டுக் குரோஷே பின்னல் டிசைனர் ஆனபோதும், "ஓஹோ! பாம்ஸெக்கு ஒரு தலையணையும் டிசைன் பண்ணிடேன்" என்றார்.

இந்த வருடம் மெரெத் கொடுத்தது கடையில் வாங்கிய கண்ணாடிக் குவளை, ஸ்டிக்கரோடு.

பண்டிகை முடிந்ததும் கிர்ஸ்டன் அதே கடைக்கு ஓடிப் போய், குவளையைக் கொடுத்துவிட்டு ஒரு சிவப்புச் சால்வையோடு திரும்பினார். காபிக்கு வந்த மருமகள் முன்னால் அதை நாற்காலியில் விரித்தார்.

"பாரு, இதுதான் கைவேலை! விரல்ல சந்தோஷம் இருந்தாத்தான் இப்படி வரும். யாரோ பெரிய டிசைனராம், கடைக்காரி அப்படிப் புகழ்றா. நீயும் பார்த்துக் கத்துக்கோ."

"கத்துக்கிறேன் அத்தை."

சொல்லிவிடலாமா என்று மெரெத்தின் நாக்கு துடித்தது. அதற்குள் பாம்ஸெ தன் நீலப் படுக்கையிலிருந்து எழுந்து வந்தது. சிவப்புச் சால்வையை மோந்து பார்த்துவிட்டு, உரிமையோடு ஏறிச் சுருண்டு படுத்தது.

"ஏய், இறங்குடா!"

"விடுங்க அத்தை. இந்த வீட்டுல என் கைவேலையை அடையாளம் தெரிஞ்சது அவன் ஒருத்தனுக்குத்தான்."