எரவாணத்து மருந்து

"கொன்னுட்டேன் புள்ள. என் கையாலயே கொன்னுட்டேன்."

செங்கோடன் மடியில் அவர் நாய் செவலை வாயில் எச்சில் ஒழுகக் கிடந்தது. மரவள்ளிக் குச்சிக்கிழங்கு ஏற்றிய மினி லாரி கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் நாய் குமட்டக் குமட்ட, அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"ஒண்ணும் ஆகாதுங்க. திரும்பிப் போயிரலாம்," என்றாள் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவர் மனைவி தேன்மொழி.

"திரும்பறதா? உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதா?"

செங்கோடனுக்கு ஆத்திரமாக வந்தது. நாய்க்கு முள் குத்தினாலே ஊரைக் கூட்டுகிறவள், இன்று ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் கல்லு மாதிரி இருக்கிறாளே!

ஆனால் அவளைச் சொல்லி என்ன, தப்பு முழுக்க அவருடையது. காலையில் செவலையின் காது மடலில் உண்ணி கொத்துக் கொத்தாக ஒட்டியிருப்பதைப் பார்த்தார். குச்சிக்காட்டு மாவுப்பூச்சிக்கு அடிக்க வாங்கி வைத்த மருந்து பாட்டில் கூரைச் சரிவின் எரவாணத்தில் செருகியிருந்தது. மாவுப்பூச்சியையே கொல்கிற மருந்துக்கு உண்ணி எம்மாத்திரம் என்று, வாளித் தண்ணீரில் இரண்டு மூடி ஊற்றினார்.

எப்போதும் பாலாக வெளுக்கிற தண்ணீர் இன்று வெளுக்கவில்லை. நெடியும் அவ்வளவாக இல்லை. வாங்கி நாளாகிவிட்டது, வீரியம் இறங்கியிருக்கும் என்று தானே ஒரு வைத்தியராகி, பாதி பாட்டிலைக் கவிழ்த்துத் தலையிலிருந்து வால் வரை தேய்த்துவிட்டார்.

கிழங்கு ஏற்ற வந்த டிரைவர் யுவராஜ்தான் பார்த்துவிட்டு அலறினான். "பயிர் மருந்தையா மாமா ஊத்துனீங்க? நக்குச்சுன்னா முடிஞ்சுது கதை! எங்க பக்கத்து ஊட்டு நாய் இப்படித்தான் போச்சு."

செங்கோடன் செவலையை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். சோப்புப் போட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். விஷம் முறியட்டும் என்று தயிர்ச்சோற்றைப் பிசைந்து ஊட்டி, மோரையும் வாயில் புகட்டினார்.

"டாக்டர் கேப்பாங்க, பாட்டிலையும் எடுத்துக்கங்க," என்றான் யுவராஜ்.

"அது எதுக்குங்க?" என்று தேன்மொழி தடுக்கப் பார்த்தாள். அவர் காதில் வாங்காமல் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு லாரியில் ஏறினார்.

இப்போது செவலை மெல்லத் தலையைத் தூக்கி அவர் கையை நக்கியது. செங்கோடனால் தாங்க முடியவில்லை. மிளகுக்கொடி மொத்தமும் வாடிக் காய்ந்த அன்று, காட்டில் தனியாக உட்கார்ந்திருந்தவரை வேட்டியைக் கடித்து இழுத்து வீடு கொண்டுவந்து சேர்த்ததே இந்த வாயில்லா ஜீவன்தான். அதற்கு அவர் செய்த கைம்மாறு இது.

சேந்தமங்கலம் மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் பரிமளா செவலையின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். வாயைத் திறந்து ஈறை அழுத்தினார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நிதானமாகக் கேட்டார்.

"அந்த மருந்து உள்ள போயிருந்தா கண்ணுமணி ஊசிமுனையாட்டம் சுருங்கியிருக்குமுங்க, உடம்பு வெடவெடன்னு நடுங்கும். இதுக்கு அப்படி ஒண்ணும் இல்லியே. வரதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டுச்சு?"

"தயிர்சோறும் மோரும்ங்க... விஷம் முறியறதுக்கு."

"வயிறு முட்டக் குடுத்து மலை இறக்குனா நமக்கே வாந்தி வருமே! வண்டி ஒத்துக்கல, அவ்வளவுதான்." டாக்டர் பாட்டிலை வாங்கி, ஒரு தட்டில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தார். நிறமும் இல்லை, நெடியும் இல்லை. "இதுல மருந்தே இல்லீங்களே. வெறும் தண்ணி!"

செங்கோடன் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"உங்க நல்ல நேரமுங்க. இனி பயிர் மருந்தை நாய்கிட்டயே கொண்டு போகாதீங்க. உண்ணிக்குப் பிடரியில விடற சொட்டு மருந்து இருக்குது, எடை பார்த்துத் தாரேன். அந்த இடத்தை அதால நக்க முடியாது. விஷம்னு சந்தேகம் வந்தா நீங்களா வாயில எதையும் ஊத்தாம நேரா இங்க கூட்டிட்டு வாங்க."

செவலை மேசையிலிருந்து குதித்து வாலை ஆட்டியது. வெளியே வேப்பமரத்தடியில் செங்கோடன் அதைக் கட்டிக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதார். அழுது ஓய்ந்ததும் கோபம் வந்தது.

"தண்ணியை அடைச்சு மருந்துன்னு வித்திருக்கானே! இரு புள்ள, அந்தக் கடைக்காரனை உண்டு இல்லைன்னு பண்ணிட்டு வாரேன்." துண்டை உதறித் தோளில் போட்டார்.

தேன்மொழி துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைக்காரர் மேல தப்பில்லீங்க. நல்ல மருந்துதான் குடுத்தாரு. நாந்தான் அதைக் கொட்டிக் கழுவிட்டு, உங்களுக்குத் தெரியாம தண்ணி ஊத்தி வெச்சேன்."

"நீயா? எதுக்கு?"

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து செவலையின் தலையைத் தடவினாள். லாரியில் வராத கண்ணீர் இப்போது பொலபொலவென்று வந்தது.

"மிளகுக்கொடி காஞ்ச அன்னிக்கு, நீங்க காட்டுல இருந்து திரும்பி வந்தப்ப, இந்த பாட்டில் உங்க இடுப்புல இருந்துச்சுங்க."