நூற்றைம்பது ஹெர்ட்ஸ்

காலடிப்பேட்டையில் அந்த வீட்டு வாசலில் நின்று டென்னிஸ் காலிங் பெல்லை அழுத்தினார். சத்தம் வரவில்லை. மாடி ஜன்னலில் ஒரு பல்பு மட்டும் இரண்டு தடவை மின்னி அணைந்தது.

எந்தப் புண்ணியவான் வயரிங் செய்தானோ என்று நினைத்துக்கொண்டார்.

மணி மாலை ஐந்தே முக்கால். பசிபிக் கடலில், ஆள் குடியில்லாத ஒரு பவளத்தீவில், டென்னிஸைப் போலவே பொழுதுபோக்குக்கு ரேடியோ நிலையம் வைத்திருக்கும் ஐந்து ஹாம் ரேடியோக்காரர்கள் கூடாரம் போட்டு, புள்ளியும் கோடுமாக மோர்ஸ் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் ஒரு பதில் வாங்கிவிட உலகமே முண்டியடித்தது. ஆறு மணிக்கு ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுக் கப்பல் ஏறிவிடுவார்கள். டென்னிஸுக்கு வயது ஐம்பத்தெட்டு. அடுத்து எவனாவது அங்கே போகும்போது தாம் இருப்போமா என்பது அவருக்கே சந்தேகம்.

ஐந்து நாளாக ராயபுரத்து வீட்டில் ஹெட்போனும் தலையுமாகக் கிடந்தும் தீவு அகப்படவில்லை. நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே இரைச்சல். பழியை ஹார்பர் கிரேன்கள்மேல் போட்டார். எதிர்வீட்டு வெல்டிங் பட்டறைமேல் போட்டார். டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்ன மனைவி சாண்ட்ராமேல்கூட எரிந்து விழுந்தார்.

பதில் கொடுத்தவர்களைத் தீவுக்காரர்கள் இணையத்தில் போடும் பட்டியலில் இந்த வீட்டு ரிஃபானாவின் கால்சைன், அதாவது ரேடியோவில் அவளுக்கான அடையாள எழுத்துகள், நேற்றே ஏறிவிட்டது.

இரண்டு வருஷமாகத் தினம் சாயங்காலம் அவளும் அவரும் மோர்ஸில் பேசிக்கொள்கிறார்கள். நேரில் பார்த்ததில்லை. கிளப் கூட்டத்துக்கு வரமாட்டாள், மைக்கில் ஒருநாளும் பேசமாட்டாள். கொஞ்சம் திமிர் பிடித்த பெண் என்று டென்னிஸ் முடிவுகட்டியிருந்தார். ஆனால் மோர்ஸ் தட்டுகிற கை அத்தனை சுத்தம்.

இருவருக்கும் ஒரே தகராறு, ஃபில்டர் விஷயத்தில்தான். பக்கத்து நிலையங்களை வெளியே நிறுத்துவது அதன் வேலை. எவ்வளவு குறுகலாக வைக்கலாம் என்று அவள் கேட்டாள். ஐந்நூறு ஹெர்ட்ஸ் தாராளம், நாலைந்து நிலையம் சேர்ந்து உள்ளே வந்தாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருதி இருக்கும், மீதியைக் காது பார்த்துக்கொள்ளும் என்று இவர் தட்டினார்.

நூற்றைம்பது வேண்டும் என்றாள் அவள். பழைய கலர் டிவி போர்டுகளிலிருந்து இருநூறு கிரிஸ்டல்களைக் கழற்றி, ஒவ்வொன்றாக அளந்து, ஒன்றுக்கொன்று ஒத்துப்போன ஆறை மட்டும் பொறுக்கித் தானே செய்துகொண்டாள்.

அது ஃபில்டர் இல்லையம்மா, ஊசித் துளை என்று கேலி செய்தார் டென்னிஸ். மீதியைக் காது பார்த்துக்கொள்ளும் என்று இரண்டாம் முறையும் சொன்னார், மூன்றாம் முறையும் சொன்னார். மூன்றாவதற்கு அவள் பதிலே போடவில்லை.

இன்று மானத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு, உன் ரேடியோவில் ஒருதடவை முயன்று பார்க்கலாமா என்று கேட்டார். உடனே வாங்க அண்ணே என்று பதில் வந்தது.

கதவைத் திறந்தவன் அவள் புருஷன் தப்ரேஸ்.

"வாங்கண்ணே, மேல உங்களுக்காகத்தான் காத்துகினு கீறா. ஜல்தியா போங்க, டைம் ஆய்ட்ச்சு."

ரிஃபானா சலாம் வைத்து, நாற்காலியை விட்டு எழுந்துகொண்டாள். வாயைத் திறக்கவில்லை. திமிரேதான் என்று நினைத்தபடி டென்னிஸ் உட்கார்ந்தார்.

பழக்கத்தில் கை ஹெட்போனைத் தேடியது. மேசையில் மூடியில்லாத ஸ்பீக்கர் ஒன்று மட்டும் மல்லாந்து கிடந்தது. அது ஏதோ அடித்தொண்டையில் முனகியது. கீழே போன கன்டெய்னர் லாரிகள் அதையும் விழுங்கிவிட்டன.

"ஹெட்போன எங்கம்மா வெச்சுக்கீற?"

அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த ரிஃபானா சிரித்தாள். தன் இரண்டு காதுகளையும் தொட்டுக்காட்டி, கையை விரித்தாள்.

பெல்லுக்கு எரிந்த பல்பு டென்னிஸுக்கு இப்போதுதான் புரிந்தது. மைக்கில் பேசாததும் புரிந்தது. மீதியைக் காது பார்த்துக்கொள்ளும். மூன்று முறை சொல்லியிருக்கிறார், பாவி மனுஷன். வெட்கத்தில் முகம் சுட்டது.

அதற்கெல்லாம் அவளுக்கு நேரமில்லை. ஐந்து ஐம்பத்து மூன்று. தன் விரல் நுனியை ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் வைத்து, நீங்களும் வையுங்கள் என்று கண்ணால் காட்டினாள்.

வைத்தார்.

விரலுக்கடியில் தீவு துடித்தது. குட்டை, நெட்டை, குட்டை. தீவைத் தவிர அங்கே வேறு யாருமில்லை. விரலுக்குச் சுருதி தெரியாது, நாலு நிலையம் வந்தால் நாலும் அதற்கு ஒரே அதிர்வுதான். அவள் ஏன் நூற்றைம்பதில் நின்றாள் என்று அவருடைய விரலே சொல்லிவிட்டது.

மற்றக் கையால் தம் கால்சைனைத் தட்டினார். தீவு வேறு யாருக்கோ பதில் சொன்னது. மறுபடி தட்டினார். அதுவும் வீண்.

ஐந்து ஐம்பத்தெட்டு. மூன்றாம் முறை தட்டியதும், முப்பது வருஷமாகத் தம் கையால் தட்டிவந்த கால்சைன் ஒரு புள்ளி பிசகாமல் விரல் நுனிக்குத் திரும்பி வந்தது. பின்னாலேயே ஐந்து, ஒன்பது, ஒன்பது. தெளிவாகக் கேட்கிறது என்று அதற்குப் பொருள்.

ரிஃபானா இரண்டு கைகளையும் மேலே தூக்கி, விரல்களை விரித்து ஆட்டி ஆட்டிக் குதித்தாள். டென்னிஸுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

அவரும் ஐந்து, ஒன்பது, ஒன்பது தட்டினார். சரியாகக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லோரும் எல்லோருக்கும் கொடுக்கிற மரியாதை அது. ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் இரைச்சலில் முப்பது வருஷம் நின்ற காது சென்ற வருஷம் மங்கிப்போனதிலிருந்து, சாண்ட்ராவிடம்கூடச் சொல்லாமல், அவரும் அந்த எண்ணை ஊருக்கெல்லாம் பொய்யாகத்தான் கொடுத்துவந்தார்.

இன்றைக்குக் கொடுத்தது நிஜம்.