பழுப்புக் கறை

கொல்லைத் தாழ்வாரத்தில் அறிவுமதிக்கென்று தனியாக வைத்த தட்டில் இட்லி ஈ மொய்க்கக் கிடக்கிறது. வருஷக்கணக்காகக் கும்பகோணத்து ஆஸ்பத்திரிக்கு அலைந்து, ஊசி ஊசியாகப் போட்டுத் தங்கிய கரு. விடிந்ததும் உள்ளாடையில் பழுப்பாய் ஒரு கறை. "சிலருக்கு இப்படிப் படும். வாங்க, ஸ்கேன்ல பாத்துடலாம்" என்று டாக்டரம்மா போனில் சொல்லியிருக்கிறார். மாமியார் அம்சமோ அதைத் தீட்டென்றே முடிவுகட்டி, அடுப்படி வாசலை மறித்து நிற்கிறாள். "தூரமான பொம்பள உள்ள வரலாமா? அங்கயே சாப்பிட்டுக் கெளம்பு." "அப்ப எம் புள்ள போயிடுச்சுன்னு நீங்களே தீர்ப்பு சொல்லிட்டீங்களா அத்தை?" அம்சத்தின் கை கதவு நிலையிலிருந்து நழுவுகிறது. அறிவுமதி அவளைத் தாண்டி உள்ளே போய், அடுப்புப் பக்கம் சம்மணம் போட்டு உட்காருகிறாள். "எங்க ரெண்டு பேருக்கும் சூடா வைங்க."