ஃபிரிட்ஜில் பதினைந்து பேர்

ஃபிரிட்ஜைத் திறந்த மாமியார், பால் பாக்கெட்டை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"மாப்பிள்ளை, இந்தக் குழாய்க்குள்ள இருக்கிறது எறும்புதானே?"

கூடத்து மேசை முன்னால் உட்கார்ந்திருந்த கடிகார மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமாகி எட்டு மாதம். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தும் அதே எட்டு மாதம். இதுவரை அத்தை அவனிடம் பேசியதெல்லாம் "சாப்பிட்டாச்சா", "குடை எடுத்துக்கிட்டீங்களா" என்ற அளவில்தான்.

மனைவி மருத்துவமனையில் காலை ஷிஃப்ட். மாமனார் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தார். காப்பாற்ற ஆளில்லை.

"ஆமாங்க அத்தை. பதினஞ்சு இருக்கு. சாகலை, குளிர்ல கொஞ்சம் மந்தமா இருக்கும், அவ்வளவுதான். இதோ எடுத்துடறேன்."

"எதுக்கு மந்தமாகணும்?"

இனி மறைத்துப் பயனில்லை. சட்டைப் பையிலிருந்து இன்னொரு கண்ணாடிக் குழாயை எடுத்து நீட்டினான். உள்ளே கன்னங்கரேலென்று ஒரே ஓர் எறும்பு.

"இது ஒட்டுண்ணி ராணிங்க. இதுக்குத் தனிக்குடித்தனம் நடத்தத் தெரியாது. வேற இன எறும்போட புத்துக்குள்ள போய் நுழைஞ்சுக்கும். அதுங்க ஏத்துக்கிட்டா, இது போடுற முட்டையை அதுங்களே வளர்த்து ஆளாக்கும்."

"ஏத்துக்கலைன்னா?"

"பிச்சுப் போட்டுடும். அதான் அதுங்களைக் குளிர்ல மந்தமாக்கி வச்சேன்."

அப்படித்தான் ஏற்கெனவே இரண்டு போயிருந்தன. முதல் ராணி பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. இரண்டாவது ஒரு நாள் ஓட்டியது. ஆளுக்கொரு காலாகப் பிடித்து இழுத்ததை லென்ஸில் பார்த்த அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மழை விட்ட ஒரு சாயங்காலம் சுவரில் ஊர்ந்துகொண்டிருந்த மூன்றைப் பிடித்து வந்திருந்தான். மிச்சம் இது ஒன்றுதான். இதுவும் போனால் அடுத்த மழைக்காலம் வரை கை கட்டி உட்கார வேண்டியதுதான்.

வேறு வேலை இல்லையா என்று கேட்பார் என எதிர்பார்த்தான். அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இதுங்களுக்குன்னு ஒரு ராணி இருக்குமே, அது?"

"புத்தா இருந்தா, உள்ள போறவளே அதைக் கொன்னுடுவா. இங்க அந்தப் பாவம் இல்லை. செங்கல்லுக்கு அடியிலிருந்து வேலைக்கார எறும்புங்களை மட்டும் தனியாப் பிரிச்சு எடுத்தேன். இதுங்களுக்கு இப்ப ராணி கிடையாது."

"அதுவும் நல்லதுதான்" என்றார் அத்தை. யாருக்கு நல்லது என்று சொல்லவில்லை.

அவன் இரண்டு குழாய்களையும் வாயோடு வாய் பொருத்தி, நடுவிலிருந்த பஞ்சை இடுக்கியால் உருவினான். கடைக்கென்று வைத்திருந்த இரண்டு லென்ஸில் ஒன்றைத் தன் கண்ணில் செருகிக்கொண்டான். மற்றதை, கேட்பதற்கு முன்பே, அத்தை கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

எதையாவது உற்றுப் பார்க்கும்போது கீழுதட்டைக் கடித்துக்கொள்வதில் மனைவி அத்தையை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள் என்று அன்றுதான் கவனித்தான்.

ராணி மெல்ல அந்தப் பக்கம் போனது.

குளிர் விட்டுக் கைகால் வந்த முதல் எறும்பு அதன் தலையைத் தடவியது. இரண்டாவது வந்தது. மூன்றாவது, வந்த வேகத்தில் காலைக் கவ்வியது.

மெக்கானிக் இடுக்கியைக் கையில் எடுத்தான்.

"எதிர்த்து நிக்காதடி" என்று அத்தை கிசுகிசுத்தார். "அடங்கிக் கிட. முதல்ல உன் வாசனை அதுங்களுக்குப் பழகட்டும்."

அவன் திரும்பிப் பார்த்தான். எறும்புக்கு எல்லாமே வாசனைதான் என்று அவன் இன்னும் சொல்லவே இல்லை.

ராணியோ அத்தை சொன்னதைக் கேட்ட மாதிரி கால்களை ஒடுக்கிக்கொண்டு கிடந்தது. கவ்வியது விட்டது. ஒன்று முதுகை நக்கியது. பிறகு, ஆகச் சின்னதாக இருந்த ஓர் எறும்பு முன்னால் வந்து, ராணியின் வாயோடு வாய் வைத்து ஒரு துளி ஊட்டியது.

"அத்தை, ஊட்டுது" என்றான்.

அத்தை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருபது நிமிஷம்தான். கெட்டிக்காரி. உங்க பொண்டாட்டி என் கையால ஒரு வாய் வாங்கப் பதினேழு நாள் எடுத்துக்கிட்டா. நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப அவளுக்கு மூணு வயசு. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவுல போய் நின்னுக்குவா. பெத்தவளோட போர்வையைத் தேடி எடுத்துப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்தேன். அப்புறம்தான் பக்கத்துல வந்தா."

அவன் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்தான்.

"பெத்தவளோட..."

"உங்ககிட்ட அவ சொல்லலையா?"

"இல்லைங்க அத்தை."

அத்தை மறுபடி குழாயைக் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட இல்லைங்க."

அத்தை வாயை இறுக்கிப் பார்த்தார், முடியவில்லை. முகமெல்லாம் சிரிப்பாகி, லென்ஸ் நழுவி மடியில் விழுந்தது.

வாசலில் செருப்பைக் கழற்றிப் போடும் சத்தம் கேட்டது.

"அம்மா, பசி உயிர் போகுது. என்ன இருக்கு?"